இராகு காலத்து நித்திரை

இஞ்சாரும் அன்னப்பிள்ளை,

இருபத்திரண்டு வருஷம் உம்மை "இஞ்சாரும்" என்று மட்டுந்தான் கூப்பிட்டேன். பெயர் சொல்ல எனக்கு வெட்கம். கேட்க உமக்கும் வெட்கமாக இருந்திருக்கும். இனி நீர் திரும்பிப் பார்த்து முறைக்கமாட்டீர் என்ற துணிவில் இன்றைக்குப் பெயரையும் சேர்த்து எழுதிவிட்டேன். கோபமில்லையே?

உமது முப்பத்தோராம் நாளுக்கு நினைவுக் கல்வெட்டுப் பாடிய புலவர் உம்மை அருந்ததி என்றார், அன்னலட்சுமி என்றார். இரண்டு பக்கத்துப் பரம்பரையும் வந்தது. கலியாணத்துக்கே வராத உமது சித்தப்பாவுக்குக்கூட ஒரு முழு வெண்பா கிடைத்தது. பங்குனி மாசத்து மத்தியானங்களில் நீர் பின்வளவு வேம்பின் கீழே போய் இருந்தது மட்டும் ஒரு வரியிலும் இல்லை. புலவரைக் குறை சொல்லி என்ன? சொல்லிக்கொடுக்க வேண்டிய எனக்கே அப்போது அது விளங்கியிருக்கவில்லை.

இப்போது நம் வாசிகசாலைப் பெடியள் வருஷ மலருக்கு ஏதாவது எழுதித் தரச் சொல்லி நிற்கிறார்கள். "அண்ணை, நீங்கள் சுருட்டுக் கொட்டிலிலை நாள் முழுக்கப் பேப்பர் வாசிக்கிற ஆள்தானே, எழுத வராதோ?" என்கிறார்கள். ஏழாம் வகுப்போடு நின்றவன் நான். மற்றவர்கள் எழுதியதை உரத்து வாசிக்கத் தெரியுமே தவிர, சொந்தமாக எழுதியது சீட்டுக்காசுக்கு இட்ட கையெழுத்துத்தான். ஆனாலும் உமக்குச் சொல்ல ஒரு செய்தி இருக்கிறது. ஊரார் ஒட்டுக்கேட்டால் கேட்கட்டும். நான் வீட்டுக்குள் கதைத்ததை அவர்கள் எப்போதும் வேலிக்கு அப்பால் நின்று கேட்டவர்கள்தானே.

பங்குனி உமக்கு நினைவிருக்கும். வாடைக்காற்று அடித்து ஓய்ந்துவிடும். சோளகம் இன்னும் பிறந்திராது. இரண்டு காற்றுக்கும் நடுவில் கொக்குவில் முழுவதும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பதுபோல ஒரு மாசம். பனையோலை அசையாது. எங்கோ ஒரு கிணற்றுத் துலா கிறீச்சிடும், பிறகு அதுவும் நின்றுவிடும். அப்போதுதான் வேம்பு பூக்கும்.

சமையல் முடித்து, எனக்குச் சோறு போட்டு, கோப்பை கழுவி வைத்துவிட்டு, தோய்த்த வேட்டி ஒன்றைத் தோளில் போட்டுக்கொண்டு வேலிக் கடப்பைத் தாண்டிப் போவீர். "எங்கை போறீர்?" என்பேன். "வேப்பம்பூ எடுக்க. வடகம் போட வேணும்" என்பீர். மரத்தின் கீழே வேட்டியை விரித்துவிட்டு, பூ தானாக விழும்வரைக்கும் பக்கத்தில் இருப்பீர். ஒரு நாழிகை. சில நாள் இரண்டு.

நான் சும்மா விட்டேனா? சுருட்டுக் கொட்டிலில் முப்பது பேர் சுருட்டுச் சுற்ற, நடுவில் இருந்து பேப்பர் வாசிக்கிறவன் நான். என் பங்குச் சுருட்டை அவர்கள் பிரித்துச் சுற்றுவார்கள். நான் தொண்டையால் உழைப்பேன். வீட்டுக்கு வந்தாலும் அந்தத் தொண்டை ஓயாது. உமக்குத் துணையாக இருக்கட்டும் என்று மரத்தடிக்கு வந்து, சீமையில் மந்திரிசபை கவிழ்ந்த கதையை முதலில் இருந்து சொல்லுவேன். நீர் "ம்" கொட்டுவீர். பிறகு எழும்பி வேட்டியை உதறிக்கொண்டு வீட்டுக்குள் போய்விடுவீர். கதை பிடித்திருந்தபடியால் எனக்குத் தேத்தண்ணி போடப் போகிறீர் என்று நான் நினைத்துக்கொள்வேன்.

அந்தப் பார்வைக்காரர் கதையையும் சொல்லிவிடுகிறேன். உச்சி வெயிலில், பூத்த வேம்பின் கீழே, ஒரு பொம்பிளை தனியே இருந்து ஒன்றையும் பாராமல் பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்றால் என்ன அர்த்தம்? ஊர் முழுவதற்கும் தெரிந்த ஒரே அர்த்தம் எனக்கும் தெரிந்தது. இணுவிலிலிருந்து பேய்க்குப் பார்வை பார்க்கிறவரைக் கூட்டிக்கொண்டு வந்தேன். அவர் வேப்பிலையால் அடித்து, மந்திரித்த நூலை உமது கையில் கட்டிவிட்டு, சேவலையும் வாங்கிக்கொண்டு போனார். அடுத்த நாள் மத்தியானம் பார்த்தால் அதே மரம், அதே இடம், கையில் நூல்.

"இஞ்சாரும், என்ன இது?" என்றேன்.

"நூல் கட்டிக் கிடக்குத்தானே. இனி என்ன பயம்?" என்றீர்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு பங்குனியும் புது நூல் கட்டுவித்தேன். உமது இருப்புக்கு நானே காசு கொடுத்து அனுமதிச் சீட்டு வாங்கித் தந்திருக்கிறேன். இது எனக்குப் போன மாசந்தான் உறைத்தது.

போன வருஷம் மாசியில், வேம்பில் மொட்டு வருமுன்னம், மூன்று கிழமைக் காய்ச்சலில் நீர் போய்விட்டீர்.

பரமேசுவைப் பற்றிச் சொல்லத்தான் இவ்வளவும். நம்முடைய ஒரே பிள்ளை, பத்தொன்பது வயதுப் பிள்ளை, உமது செத்தவீட்டில் அழவில்லை. அடுத்த நாள் விடியக் குசினிக்குள் போனவள்தான். அடுப்பு, கிணறு, ஆடு, முற்றம், திரும்ப அடுப்பு. ஒரு வருஷம். தலையிடி என்பாள், நெற்றியில் துணியைக் கட்டிக்கொண்டு அரிசி புடைப்பாள். பாயில் படுப்பாள், கண்ணை மூடமாட்டாள். கன்னம் ஒட்டி, கண்ணைச் சுற்றிக் கறுத்துப் போயிற்று. பரியாரியார் எண்ணெயும் கஷாயமும் தந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "மருந்து தரலாம். நித்திரையை நான் எங்கை போய் எடுத்துத் தாறது?" உமது முகமும் கடைசியில் இப்படித்தான் ஒட்டிப் போயிருந்தது. எனக்கு வந்த பயத்தை நான் எவருக்கும் வாசித்துக் காட்டவில்லை.

உடுவிலிலிருந்து அக்கை வந்து எங்களோடு இருக்கிறா. உமது மச்சாளை உமக்குத் தெரியாததா? எனக்கு மூத்தவ, இந்த வீட்டுக்கு அதிகாரி. நல்ல மனம், ஆனால் அதைச் சத்தமில்லாமல் காட்டத் தெரியாது. உமது முதல் வருஷத்து ஆட்டைத் திவசம் முடிந்த கையோடு தரகரைப் பிடித்துக் கரவெட்டியில் ஒரு வாத்தியார் மாப்பிள்ளையைப் பேசிவிட்டா. எனக்கும் சந்தோஷந்தான். நான் ஏழாம் வகுப்பு, மருமகன் வாத்தியார் என்றால் கொட்டிலில் என் மதிப்பு எங்கே போய் நிற்கும்?

வியாழக்கிழமை பெண் பார்க்க வருவதாகச் சொல்லிவிட்டார்கள். அன்றைக்கு இராகு காலம் ஒன்றரையிலிருந்து மூன்று. ஆகவே மூன்று மணிக்குப் பிறகு.

காலையிலிருந்து பரமேசு பலகாரம் சுட்டாள், முழுகினாள், வீடு கழுவினாள். பன்னிரண்டரைக்கு வந்து குசினி வாசலில் நின்றாள். தோளில் ஒரு வேட்டி.

"மாமி, ஒருக்காப் பின்வளவுக்குப் போட்டு வாறன். வேப்பம்பூ விழுகுது."

"உச்சி வெயிலுக்கையோ? குமர்ப்பிள்ளை, அதுவும் இண்டைக்கோ? கொம்மாவைப் போலை…" அக்கை அந்த இடத்தில் வாயைப் பொத்திக்கொண்டா.

"போகட்டும் அக்கை, மூண்டு மணி வரைக்கும் கிடக்குது" என்றேன். ஏன் சொன்னேன் என்று தெரியாது. பிள்ளை தோளில் வேட்டியைப் போட்டிருந்த விதம் அப்படி.

ஒன்றேகாலுக்குப் படலையில் கார்ச் சத்தம். மாப்பிள்ளையின் தாய், தாயின் தமையன், முன்னால் தரகர். இராகு காலம் பிறக்குமுன் படலை தாண்டிவிட வேண்டும் என்று கரவெட்டியிலிருந்து காரை விரட்டிக்கொண்டு வந்திருக்கிறார்கள். தங்கள் கெட்டித்தனத்தில் அவர்களுக்கே சிரிப்பு. அவர்களை விறாந்தையில் இருத்திவிட்டு அக்கை என்னைக் குசினிக்குள் இழுத்தா.

"தம்பி, ஒண்டரைக்கு முன்னம் பிள்ளையைக் காட்டிப்போட வேணும். ஓடு! பின்பக்கத்தாலை கூட்டி வா, சீலை எடுத்து வைச்சிருக்கிறன். தலையிலை குப்பையோடை கொண்டு வந்திடாதை!"

ஓடினேன். சால்வை கடப்பில் கொழுவிக் கிழிந்தது. "பிள்ளை!" என்று கத்த வாயைத் திறந்தேன்.

அன்னப்பிள்ளை, பிள்ளை நித்திரை.

விரித்த வேட்டியிலேயே ஒருக்களித்துப் படுத்திருந்தாள். ஒரு கை கன்னத்தின் கீழே. வாய் கொஞ்சம் திறந்திருந்தது, தொட்டிலில் கிடந்தபோது திறந்திருந்ததுபோல. முழுகிக் காய்ந்த தலைமயிரில் பூ விழுந்து விழுந்து வெள்ளையாகக் கிடந்தது. நெற்றியில் அந்தத் துணி இல்லை. மூச்சு மெள்ளப் போய் மெள்ள வந்தது. ஒரு வருஷமாக நான் அந்த மூச்சைத்தான் தேடித் திரிந்தேன் என்பது அப்போதுதான் தெரிந்தது.

திறந்த வாயை மூடிக்கொண்டேன்.

கடப்பில் அக்கையின் தலை தெரிந்தது. "என்ன நிக்கிறாய்? எழுப்பன்!"

"ஏலாது அக்கை."

"என்ன ஏலாது?"

"வந்து பாரன்."

அவவும் வந்து பார்த்தா. பிறகு என் காதுக்குள்: "ஒரு நித்திரைக்கு ஒரு வாத்தியார் மாப்பிள்ளையை விடப்போறியோ, விசரா?"

நான் மறுமொழி சொல்லவில்லை. பிறந்த நாளிலிருந்து அக்கைக்கு மறுமொழி சொல்லாமல் விட்டது அதுதான் முதல் தடவை. அவ பயந்துபோய் என் முகத்தைப் பார்த்தா, பிறகு விறாந்தைக்கு ஓடினா. வீட்டு மணிக்கூடு ஒன்றரை அடித்தது.

இனி மூன்று மணி வரைக்கும் பெண்ணைக் காட்டவும் ஆகாது, வந்தவர்கள் எழும்பிப் போகவும் ஆகாது. கெட்டித்தனமாக முந்தி வந்தவர்கள் இராகுவின் கையில் வசமாக அகப்பட்டுக்கொண்டார்கள். நான் வேம்பின் கீழே, பிள்ளையின் தலைமாட்டில் இருந்துகொண்டேன்.

முதல் கொஞ்ச நேரம் எனக்குச் சரியான கரைச்சல். நாக்கு உள்ளுக்குள் கிடந்து புரண்டது. எவருக்காவது எதையாவது சொல்ல வேண்டும்போல இருந்தது. அணிலுக்குச் சொல்லலாமா என்றும் பார்த்தேன்.

பிறகு அது அடங்கிப்போயிற்று. ஒரு பூ என் முழங்காலில் விழுந்தது. விழுந்த சத்தம் கேட்டதுபோல இருந்தது. வேப்பம்பூ விழுந்தால் சத்தம் கேட்குமா? நீர்தான் சொல்ல வேண்டும். எங்கோ ஒரு செண்பகப் பறவை அடித்தொண்டையால் கூப்பிட்டது. பக்கத்துத் தோட்டத்தில் வெட்டிக் கட்டிய புகையிலை மணமும் பூவின் கசப்பு மணமும் சேர்ந்து, நித்திரையும் இல்லாத விழிப்பும் இல்லாத ஒரு இடத்துக்கு என்னைக் கொண்டுபோயின. வெயில் இலைக்குள்ளால் சல்லடைபோல இறங்கி, பிள்ளையின் கையில் கொஞ்சம், என் கையில் கொஞ்சம், நடுவில் இருந்த வெறும் வேட்டியில் கொஞ்சம் கிடந்தது. அந்த வெறும் இடத்தில் ஆரோ இருக்கிறார்கள் என்று தோன்றியது. திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் எழும்பிப் போய்விடுவீர் என்று தெரியும். எத்தனை தரம் அப்படி எழுப்பி அனுப்பியவன் நான்!

காங்கேசன்துறை றெயில் போனது. பூமி கொஞ்சம் நடுங்கியது. பிள்ளை அசையவில்லை.

இதற்குத்தானா வந்தீர்? ஒன்றுக்கும் இல்லாமல், ஒருவருக்கும் "ம்" கொட்டாமல், உம்மை நீரே கொஞ்சம் வைத்துக்கொண்டிருக்கவா? கேட்டிருந்தால் சொல்லியிருப்பீரா? நான் எங்கே கேட்டேன், கதைத்துக்கொண்டல்லவா இருந்தேன்.

மூன்று அடித்தது. சால்வைக் கிழிசலை உள்ளுக்கு மடித்துக்கொண்டு விறாந்தைக்குப் போனேன். மாப்பிள்ளையின் தாய் சுளகளவுக்கு உப்பிய முகத்தோடு இருந்தா. தமையனார் சாய்மனைக் கதிரையில் அப்போதுதான் கண்ணைக் கசக்கினார். அக்கை ஒன்றரை மணி நேரமாக ஒரே பொய்யைத் திருப்பித் திருப்பிச் சொல்லிக் களைத்திருந்தா.

"பிள்ளை இன்னும் முழுகி முடியேல்லையோ?" என்றா அந்த அம்மா.

"பிள்ளை காலமையே முழுகியாச்சு, இப்ப நித்திரை" என்றேன். அக்கை தலையில் கையை வைத்தா.

"நித்திரையோ? நாங்கள் வந்திருக்கவோ?"

"ஓம். தாய் செத்து ஒரு வருஷமாய் நித்திரை இல்லாத பிள்ளை. இண்டைக்குத்தான் கண் மூடினது. எழுப்ப எனக்கு மனம் வரேல்லை. இன்னும் கொஞ்சம் இருந்தியளெண்டால்…"

"தேப்பன் இப்பிடிச் செல்லம் குடுத்தால், போற இடத்திலை ஆர் குடுக்கிறது?" அந்த அம்மா எழும்பிவிட்டா. "எழும்பினாப் போலை சொல்லுங்கோ, நாங்கள் வந்து காத்துக் கிடந்து போனதெண்டு. அண்ணை, வெளிக்கிடுங்கோ."

தமையனார் மட்டும் என் கையைப் பிடித்து, "நல்ல குளிர்மையான விறாந்தை" என்றுவிட்டுப் போனார். அன்றைக்கு வந்தவர்களில் முகம் தெளிந்து போனவர் அவர் ஒருத்தர்தான்.

பிள்ளை நாலரைக்கு எழும்பினாள். என்னைக் கண்டதும் திடுக்கிட்டு, "ஐயோ அப்பு, அவையள் வரப்போகினம்!" என்றாள்.

"வந்து போட்டினம்."

கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தாள். நான் கோபத்தில் இருக்கிறேன் என்று நினைத்திருப்பாள். அவளைத் தேற்ற எனக்கு வேறு கதை வரவில்லை. வேட்டியில் கிடந்த பூவைக் கூட்டி அள்ளினேன். இரண்டு கையும் போதவில்லை.

"வடகத்துக்கு உது காணுமோ பிள்ளை?"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அப்பு, அம்மா ஒரு நாளும் வடகம் போட்டதில்லை."

"பேந்து நான் திண்டது?"

"அடுத்த வளவுத் தெய்வானையக்கா போட்டது. அம்மா முருங்கைக்காய் குடுத்து மாறுறவ."

கேட்டீரா அநியாயத்தை! "என்ரை வீட்டுக்காரியின்ரை வடகத்துக்கு யாழ்ப்பாணத்திலையே சோடி இல்லை" என்று கொட்டிலில் எத்தனை வருஷம் அடித்துவிட்டிருப்பேன். அந்தத் தெய்வானையின் புருஷன் என் எதிரே இருந்துதான் சுருட்டுச் சுற்றுகிறவன். அவனும் ஒரு நாளும் வாய் திறக்கவில்லை.

"அப்ப கொம்மா இஞ்சை வந்து என்ன செய்யிறவ?"

"சும்மா இருக்கிறவ. என்னையும் ஒருக்காக் கூட்டி வந்தவ." பிள்ளையின் சிரிப்பு அந்த இடத்தில் நெளிந்தது. "'உன்ரை அப்பு தங்கமான மனுசன், ஆனால் அந்த வாயோடை ஒரு வருஷம் சீவிக்க எனக்கு இதிலை ஒரு மாசம் இருந்து தெம்பு எடுக்க வேணும்' எண்டு சொன்னவ."

நான் சிரித்தேன். அவளும் சிரித்தாள். சிரித்துக்கொண்டிருந்தவள் அப்படியே என் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழத் தொடங்கினாள். ஒரு வருஷத்து அழுகை. நான் முதுகைத் தடவினேன். ஒன்றும் சொல்லவில்லை, அன்னப்பிள்ளை. சத்தியமாக ஒன்றும் சொல்லவில்லை.

அன்றைக்கு இரண்டு தரம் சோறு போட்டுச் சாப்பிட்டாள்.

ஒரு கிழமைக்குப் பிறகு தரகர் வந்து, கரவெட்டிக்காரர் வேறு இடம் பார்க்கிறார்களாம் என்றார். "மத்தியானத்திலை வேம்படியிலை நித்திரை கொள்ளுற பிள்ளை எண்டு கதை பரவிப் போட்டுது. இனிக் கொஞ்சம் கஷ்டந்தான்" என்றார். அக்கை ஐந்து நாள் என்னோடு கதைக்கவில்லை. ஆறாம் நாள் மத்தியானம், பிள்ளை பின்வளவில் இருக்கும்போது, கடப்படியில் ஒரு செம்பு மோரை வைத்துவிட்டுத் திரும்பிப் பாராமல் போனா. மரத்தடிக்கு இன்னும் வரமாட்டா.

கொட்டிலிலும் செய்தி போய்விட்டது. மத்தியானச் சோற்றுக்குப் பிறகு கொஞ்ச நேரம் பேப்பரை மடித்து வைத்துவிட்டு வெளியே பூவரசு நிழலில் போய் இருக்கப் பழகுகிறேன். "வாசிக்கிறவர் மவுன விரதம் பிடிக்கிறார், உலகத்திலை சண்டை நிண்டுபோச்சுது" என்று பகிடி பண்ணுகிறார்கள். இருந்தாலும் போன கிழமை இரண்டு பேர் சத்தமில்லாமல் வந்து பக்கத்தில் இருந்துகொண்டார்கள்.

நான் செய்தது சரியா? ஒரு வாத்தியாரை விட்டுவிட்டேனே. பிள்ளை வீட்டோடு நின்றுவிட்டால் உமக்கு என்ன மறுமொழி சொல்லுவேன்? ஆனால் பிள்ளையின் கன்னம் திரும்பி வருகிறது. நேற்று உப்புக் கூடிப்போயிற்று என்று சொன்னதற்கு என்னோடு சண்டை பிடித்தாள். உம்மைப்போலவே பிடித்தாள்.

முந்தநாள் தரகர் திரும்ப வந்தார். மத்தியானம், படலையிலிருந்தே பெரிய சத்தம்: "சாவகச்சேரியிலை ஒரு இடம் இருக்கு, பிள்ளை எங்கை?" நான் ஓடிப்போய் அவரது கையைப் பிடித்தேன். "மெல்லக் கதையும். பிள்ளை வெளியிலை இருக்கிறாள். வரும்வரைக்கும் இரும்" என்று கிசுகிசுத்தேன். நான் கிசுகிசுத்ததைக் கண்டு அந்த மனுஷன் மிரண்டுபோய்க் கதிரையில் இருந்தார். ஒரு நாழிகை இரண்டு பேரும் ஒன்றும் கதைக்காமல் முற்றத்து வெயிலைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

இது உமக்கு நான் தரும் வாக்கு. வீட்டை எழுதிக் கொடுப்பேன், காணியை எழுதிக் கொடுப்பேன், இருக்கிற நகையெல்லாம் போடுவேன். பிள்ளையின் மத்தியானத்தை மட்டும் ஒருவருக்கும் சீதனமாகக் கொடுக்கமாட்டேன். அவள் எழும்பி வரும்வரைக்கும் காத்திருக்கத் தெரிந்தவன் எவனோ, அவன் வாத்தியாரோ தோட்டக்காரனோ, அவனுக்குத்தான் படலை திறப்பேன். அதுவரைக்கும் விறாந்தையில் அவளுக்குக் காவலாக நான் இருப்பேன், வாயை மூடிக்கொண்டு.

கொஞ்சம் கதை குறைந்துபோன,
உம்முடைய பரமேசுவின்ரை அப்பு.